சிப்பாயின் தாடை

ஆலுங்கோட்டில் ஒரு நாய்க்கு மாலை போட்டு, மாட்டுவண்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்கள் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும். ஐம்பத்துநாலாம் வருஷம், துப்பாக்கிச் சூடு நடந்து சில வாரங்களே ஆகியிருந்தன. மலையாள ராஜ்யத்தில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும் என்று கேட்ட குற்றத்துக்காக ரிசர்வ் போலீஸ் வீடு வீடாகப் புகுந்து அடித்துக்கொண்டிருந்தது. அடி வாங்கிய ஊருக்குப் புத்தி ஒரு நிலையில் நிற்காது. கையில் கிடைத்ததையெல்லாம் கொடியாக்கிப் பிடிக்கும்.

நாயின் பெயர் சிப்பாய். செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்தது. ராஜதாஸ் வீட்டு நாய். ராஜதாஸ் பஸ் கண்டக்டராக இருந்து, போராட்டத்தில் இறங்கி, வேலையை இழந்து, வாரண்டுக்கு ஒளிந்து திரிந்தவன். சிப்பாய் மெயில் பஸ்ஸுக்குக் குரைக்காது, பால்காரனுக்குக் குரைக்காது. போலீஸ் ஜீப் கால்வாய்ப் பாலத்தில் ஏறும்போதே குரைக்கும். அந்தக் குரைப்பைக் கேட்டு ஆண்கள் மரச்சீனித் தோட்டத்துக்குள் மறைந்துவிடுவார்கள். அதனால் ஊருக்கே அந்த நாய்மேல் தனி மரியாதை உண்டு.

ஒருநாள் போலீஸ் ஜீப்பைத் தூரத்தில் விட்டுவிட்டு நடந்து வந்தது. மோகனன் என்கிற கான்ஸ்டபிள் ராஜதாஸின் மனைவி ரத்னபாயைத் தலைமயிரைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்து, புருஷன் எங்கே என்று கேட்டு மிதித்தான். சிப்பாய் ஒரே பாய்ச்சலில் அவன் கன்னத்தைக் கவ்விக் கிழித்தது. அவன் லத்தியால் நாயின் வாயில் ஓங்கி அடித்தான். இரண்டு பல் முறிந்து தெறித்தது. பிறகு போலீஸ்காரர்கள் பானைகளை உடைத்து, அரிசியைக் கிணற்றில் கொட்டிவிட்டுப் போனார்கள். நாயும் எங்கோ ஓடிப்போனது. சில நாள் கழித்துத் திரும்பி வந்தபோது கீழ்த்தாடை தொங்கிக் கிடந்தது.

இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்? போலீஸ் அடித்ததை ஊர் பார்த்தது. தாடை தொங்குவதையும் பார்க்கிறது. இரண்டையும் முடிச்சுப் போட்டுக்கொண்டது.

பாறசாலை மிருக ஆஸ்பத்திரி டாக்டர் ஞானசிகாமணி, ரத்னபாயின் அண்ணன். சென்னையில் படித்துவிட்டு வந்த மனிதர், முன்கோபி. தமிழ் உத்தியோகஸ்தர்கள் ராஜினாமா செய்ய வேண்டும் என்று போராட்டக்காரர்கள் கேட்டபோது, ஈனும்போது கன்று மாட்டிக்கொண்ட பசு எந்த ராஜ்யத்துப் பசு என்று நான் கேட்பதில்லை என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருக்கு ‘சர்க்கார் பட்டி’, அதாவது சர்க்கார் நாய், என்று பெயர் விழுந்தது. அவர் வேலையை விடும்வரை அந்த வீட்டில் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று ராஜதாஸ் மனைவியிடம் சத்தியம் வாங்கியிருந்தான். தங்கை சத்தியத்தைக் காப்பாற்றினாள். அண்ணனுக்கு அது நெஞ்சில் தைத்த முள்ளாக இருந்தது, ஆனால் வாயைத் திறந்து சொல்கிற ஆள் அல்ல.

அப்படிப்பட்ட ரத்னபாய் ஒரு காலையில் ஆஸ்பத்திரிப் படலுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வரவில்லை, உட்காரவில்லை.

“அண்ணா, சிப்பாய்க்க தாடைய போலீசு அடிச்சு ஒடிச்சுப் போட்டு. வந்து கெட்டி வைப்பியளா?”

அவர் மூங்கில் பத்தையும் துணிச்சுருளும் கார்பாலிக் அமிலக் குப்பியும் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை எடுத்தார். தங்கை கூப்பிட்டுவிட்டாள் என்ற சந்தோஷத்தில், கூப்பிட்டது நாய்க்கு என்பதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை.

ஆலுங்கோட்டுச் சந்தியில் ஊர்வலம் புறப்படத் தயாராக நின்றது. கல்யாண வண்டிக்குப் போடுகிற குருத்தோலைத் தோரணம், நடுவில் வெள்ளைத் துவர்த்துத் துண்டு விரித்து அதன்மேல் சிப்பாய், கழுத்தில் கேந்திப்பூ மாலை. சைக்கிள் கடை சுயம்பு முன்னால் நின்று கோஷம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தான். பெண்கள் குலவைதான் இடவில்லை, மற்றதெல்லாம் நடந்தது.

ஞானசிகாமணி பையைத் திறக்கப்போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

நாய் வெயிலுக்கு முகத்தைக் கொடுக்காமல் ஒதுங்கிக்கொண்டது. கண் ஒருபக்கம் மாறிப் பார்த்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி மாலையை நனைத்திருந்தது. நாக்கு மண் படிந்து காய்ந்து, யாருக்கோ சொந்தமானது மாதிரித் தொங்கியது. அந்த நேரம் பார்த்து எவனோ தப்பட்டையில் ஒரு தட்டு தட்டினான். சிப்பாய் தலையைத் தூக்கிக் குரைத்தது. குரைப்பாகத் தொடங்கிய சத்தம் பாதியில் உடைந்து, நீண்ட ஊளையாகப் போய் முடிந்தது. அவர் பையைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் நின்றவரின் குடையை வாங்கினார்.

அதன் கம்பியைத் தாடைக்குக் கீழே கொடுத்து மெல்லத் தூக்கினார். தாடை முழுசாக ஏறி வந்தது. வீக்கம் இல்லை, எலும்பு உரசும் சத்தம் இல்லை. எலும்பு முறிந்த நாய் தாடையில் ஈயைக்கூட உட்காரவிடாது. இது சும்மா கிடந்தது. கம்பியை எடுத்ததும் தாடை பழையபடி விழுந்தது. தங்கையிடம் தின்றதா, குடித்ததா என்று விசாரித்தார். மண்ணைத் தின்றது, சாக்குத் துணியைக் கடித்து விழுங்கியது, தண்ணீர் வைத்தால் மூக்கை முக்கும், ஒரு சொட்டு உள்ளே இறங்காது என்று அவள் சொன்னாள்.

பேய் பிடித்த நாய், வெறிநாய் என்றால் வாலை இடுக்கிக்கொண்டு தெருவில் ஓடி, கண்டதையெல்லாம் கடிக்கும் என்றுதான் ஊருக்குத் தெரியும். அது ஒரு வகை. இன்னொரு வகை ஓடாது, கடிக்காது. நரம்பு செத்துத் தாடை விழுந்து, மூலையில் கிடந்து எச்சில் வடிக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டதோ, தாடை பிசகிவிட்டதோ என்று இரக்கப்பட்டு வீட்டுக்காரனே அதன் வாய்க்குள் கையை விடுவான். முதல் வகை கடித்துக் கொல்லும், இரண்டாவது வகை இரக்கத்தால் கொல்லும். ஞானசிகாமணி படித்த பாடங்களில் மறக்காமல் நின்றது இது ஒன்று.

“இது பேப்பட்டியாக்கும்,” என்றார். “தாடை ஒடியல்ல. எவனாவது இதுக்க வாய்க்குள்ள கைய விட்டியளா?”

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை. பேய் பிடித்த நாயைத் தேரில் ஏற்றிய மடையர்களை இன்றுதான் பார்க்கிறேன், எல்லோரும் தள்ளி நில்லுங்கள், தொட்டவன் சோப்புப் போட்டுக் கையைக் கழுவு என்று கத்தினார். சுயம்பு பக்கத்தில் வந்தான். போலீஸ் அடிக்கவில்லை, நாய்க்குத்தான் பேய் என்று சொல்ல இன்ஸ்பெக்டர் அனுப்பினாரா என்று நிதானமாகக் கேட்டான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கொடி கட்டியிருந்த கமுகங்கம்பைச் சுழற்றி அவர் தோளில் இறக்கினான்.

அதன்பிறகு யார் அடித்தது, எத்தனை பேர் அடித்தது என்று கணக்கில்லை. மூக்கு உடைந்தது. மூங்கில் பத்தையைப் பிடுங்கி அதனாலேயே முதுகில் விளாசினார்கள். விழுந்தவரைக் காலால் புரட்டினார்கள். துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களுக்கும் உடைந்த பானைகளுக்கும் கிணற்றில் விழுந்த அரிசிக்கும் சேர்த்து அன்றைக்கு ஒரு முதுகு கிடைத்தது. ரத்னபாய் ஓடி வந்து அவர்மேல் குப்புற விழுந்த பிறகுதான் விட்டார்கள். வண்டி நகர்ந்தது, கோஷம் தூரப் போனது.

அவள் முந்தானையால் அவர் மூக்கைத் துடைத்தாள்.

“அண்ணா, எனக்க வீட்டுக்காரரு ராத்திரி ஒளிச்சு வந்தப்போ பாத்துட்டுப் பொறுக்கமாட்டாம வாய்க்குள்ள கைய விட்டாவ. பல்லு கீறி ரெத்தம் வந்துது.”

ராஜதாஸ் ஒளிந்திருந்த இடம் அவளைத் தவிர ஊரில் ஒருவருக்கும் தெரியாது. சோறு கொண்டுபோவது அவள்தான். காரக்கோணம் பக்கத்தில் கைவிட்ட செங்கல் சூளை என்று அண்ணனிடம் சொன்னாள். சொன்ன கையோடு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சொன்னது நான் என்று தெரிந்தால் என்னை உயிரோடு வைக்கமாட்டார்கள் என்றாள். அது மிகை இல்லை. காட்டிக்கொடுத்தவன் என்ற சந்தேகத்தில் அதற்கு முந்தின வாரம்தான் ஒருவனைக் கமுகில் கட்டிவைத்துக் கையை ஒடித்திருந்தார்கள்.

“உனக்க பேரு எனக்க வாயில வராது மக்கா,” என்றார் ஞானசிகாமணி.

சூளைக்குள் ராஜதாஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. வலது கையில் துவர்த்துக் கிழிசல் சுற்றியிருந்தது. உடைந்த மூக்கோடு மச்சினன் உள்ளே வருவதைப் பார்த்து அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவர் எல்லாவற்றையும் சொன்னார். இந்த நோய் ஒரு மனிதனுக்குள் ஏறிவிட்டால் பிறகு உலகத்தில் எந்த டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது என்று சொன்னார். ஏறுவதற்கு முன்னால் தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்றாகப் பதினாலு ஊசி போட்டுக்கொண்டால் பிழைக்கலாம், அந்த ஊசி திருவனந்தபுரத்தில்தான் உண்டு, தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் எமனுக்குக் கொடுக்கிற நாள் என்று சொன்னார். கெஞ்சியும் பார்த்தார். கெஞ்சுவது அவருக்குப் பழக்கமில்லாத வேலை. அதனால் அது அதட்டல் மாதிரித்தான் வந்தது.

“மச்சான், நீரு சர்க்காருக்க சோறு திங்கியவரு,” என்றான் ராஜதாஸ். “திருவனந்தபுரத்துக்குப் போயி நானே தலைய நீட்டிக் குடுக்கணும், அதுதான காரியம்? அந்தத் தாடைய போலீசு ஒடிச்சதாக்கும். எனக்க கையால தொட்டுப் பாத்தவன் நான்.”

தொட்டுப் பார்த்ததுதானே சனியன் என்று அவருக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. பேசிப் பிரயோஜனம் இல்லை. பாய்ந்து அவனைக் கீழே தள்ளி, நெஞ்சில் முட்டியை ஊன்றி, காயக் கட்டைப் பிய்த்து எறிந்தார். விரல் கணுவுக்கு மேலே தோல் பிளந்து வெளுத்திருந்தது. பல்லால் குப்பியின் அடைப்பைப் பிடுங்கி, கார்பாலிக்கை அப்படியே காயத்துக்குள் ஊற்றினார். சதை வெந்து வெள்ளையாகச் சுருங்கியது. ராஜதாஸ் போட்ட கூச்சலில் சூளைக் கூரையிலிருந்து வௌவால்கள் பறந்தன. அவன் இடது கைக்கு எட்டிய செங்கலை எடுத்து அவர் முகத்தில் அடித்தான். புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் ஓடியது. அவர் கையை விடவில்லை. குப்பி காலியாகிற வரைக்கும் ஊற்றிவிட்டுத்தான் எழுந்தார்.

“இனி இந்தப் பக்கம் வந்தியருண்ணா கொன்னு போடுவேன்,” என்றான் ராஜதாஸ், கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு.

ஞானசிகாமணி மறுநாளே திருவனந்தபுரம் போனார். ஊசிமருந்தைக் கொடுங்கள், நானே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன் என்று பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டார். மருந்து ஐஸில் இருக்க வேண்டியது, வெளியே கொடுக்கிற வழக்கம் இல்லை, கடிபட்டவர் தினமும் நேரில் வர வேண்டும் என்றார்கள். ஒரு இளம் டாக்டர் பரிவாகத்தான் கேட்டார், கடிபட்டவர் பெயர் என்ன என்று. வாரண்டு உள்ளவன் பெயரை அங்கே எப்படிச் சொல்வது? வெறுங்கையோடு பஸ் ஏறினார்.

அவர் ஊருக்கு வந்து சேரும்போது சிப்பாய் செத்திருந்தது. முதலில் பின்கால்கள் போயின, பிறகு கழுத்து போனது, கடைசியில் தன் எச்சிலிலேயே மூச்சு முட்டிச் செத்தது என்று ரத்னபாய் சொன்னாள். கொடியைப் போர்த்திச் சந்தை மைதானத்தின் ஓரத்தில் புதைத்தார்கள். போலீஸ் அடியால் வீரமரணம் என்று வெட்டிய கல்லுக்கும் ஏற்பாடு நடந்தது. தாடை முறிந்த நாய் இப்படிச் சாகாது. ஞானசிகாமணிக்கு இருந்த கொஞ்ச நஞ்சச் சந்தேகமும் அத்தோடு தீர்ந்தது.

ரத்னபாய் அழவில்லை. என் புருஷனை எப்படியாவது உயிரோடு வைத்துத் தாருங்கள் என்று மட்டும் சொன்னாள். எப்படியாவது என்ற சொல்லை இரண்டு தடவை சொன்னாள். அது எப்படி என்று இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

போலீஸ் முகாம் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. இன்ஸ்பெக்டர் கிருஷ்ணன்குட்டி பிள்ளைகளின் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்து, வந்தவரின் பிளந்த புருவத்தையும் வீங்கிய மூக்கையும் சுவாரஸ்யமாகப் பார்த்தார். அவர் பின்னால் கான்ஸ்டபிள் மோகனன் கன்னத்தில் பச்சிலை அப்பிக்கொண்டு நின்றான். ஞானசிகாமணி முதலில் அவனைப் பற்றித்தான் சொன்னார். கடித்த நாய் பேய் பிடித்துச் செத்துவிட்டது, உங்கள் ஆளையும் ஊசிக்கு அனுப்புங்கள், கன்னத்துக் கடி மூளைக்குப் பக்கம், அவனுக்கு நேரம் மிகவும் குறைவு என்றார். அதன்பிறகு ராஜதாஸ் பெயரைச் சொன்னார்.

“சொந்தம் அளியனெத்தன்னெ காட்டித்தருவானோ டோக்டரே?” என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். சொந்த மைத்துனனையே காட்டிக்கொடுக்க வந்தாயா என்ற அந்தக் கேள்வியில் ஏளனத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம்.

இடத்தைச் சொல்ல ஞானசிகாமணி ஒரு வாக்குக் கேட்டார். பிடித்த அன்றே திருவனந்தபுரம் கொண்டுபோக வேண்டும், பதினாலு ஊசியும் முடிகிறவரை தினமும் கொண்டுபோக வேண்டும். இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ஆனால் என் ஆட்கள் அவனைத் தேடித் தேடி வெறி பிடித்து நிற்கிறார்கள், கையில் கிடைத்தால் சும்மா இருக்கமாட்டார்கள், அதை நான் தடுக்க முடியாது என்று நேர்மையாகவே சொன்னார். அதுவரை மலையாளத்தில் பேசிக்கொண்டிருந்த ஞானசிகாமணிக்கு அடுத்த வாக்கியம் அந்த மொழியில் வாயில் வரவில்லை.

“எங்க வேணும்னாலும் அடிச்சுக்கோங்க. வயித்துல மட்டும் அடிக்காதுங்கோ. அங்கயாக்கும் ஊசி போடணும்.”

அதன்பிறகுதான் காரக்கோணத்துச் சூளை என்று இடத்தைச் சொன்னார்.

நீயே வந்து இடத்தைக் காட்டு என்று சொல்லி அவரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள். உச்சிப்பொழுதில் சூளையை வளைத்தார்கள். ராஜதாஸ் சும்மா பிடிபடவில்லை. செங்கலால் ஒருவன் மண்டையை உடைத்தான், இன்னொருவன் கையைக் கடித்தான். பிறகு அவனை வெளியே இழுத்துப் போட்டு அடித்தார்கள். லத்திக் கட்டை முதுகில் விழுகிற சத்தம் ஜீப்புக்குள் உட்கார்ந்திருந்தவருக்கு ஈர வைக்கோல் அடிக்கிற மாதிரிக் கேட்டது. உள்ளங்காலில் அடித்தார்கள், முழங்காலில் அடித்தார்கள், கார்பாலிக்கில் வெந்த அந்தக் கைவிரல்களைப் பூட்ஸால் மிதித்துத் திருகினார்கள். ஒரு கட்டத்தில் சத்தம் போடுவதை அவன் நிறுத்திவிட்டான். மோகனன் கன்னத்துக் கட்டோடு முன்னால் வந்து, படுத்துக் கிடந்தவனின் வயிற்றைக் குறிவைத்துக் காலை ஓங்கினான்.

“வயற்றில் வேண்டா எடா!” என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார். “டோக்டர் பறஞ்ஞது கேட்டில்லே?”

மோகனனின் கால் நின்றது. டாக்டர் சொன்னது என்று காதில் விழுந்ததும் ராஜதாஸ் ரத்தம் வழிகிற முகத்தைத் திருப்பினான். ஜீப்புக்குள் யார் உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் பார்த்தான்.

அவனைத் தூக்கி ஜீப்பின் தரையில், ஞானசிகாமணியின் காலடியில் போட்டார்கள். நெய்யாற்றின்கரை தாண்டிய பிறகு அவன் கண்ணைத் திறக்காமல், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

“எடத்தச் சொன்னது அவளாக்கும், இல்லியா?”

ஞானசிகாமணி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதில் வராததே பதில் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

முதல் ஊசி தன் கண்முன்னால் அவன் வயிற்றில் இறங்குவதை ஞானசிகாமணி பார்த்தார். கைவிலங்கின் ஒரு பாதி ராஜதாஸ் கையிலும் மறுபாதி மோகனன் கையிலும் இருந்தது. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே பெஞ்சில் சட்டையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதன்பிறகு அவரை உள்ளே விடவில்லை. மூன்று ஊசி போட்டதும் மோகனன் போதும் என்று நிறுத்திக்கொண்டான். வயிறு கட்டி தட்டி வலிக்கிறது, எங்கள் வைத்தியனின் பச்சிலையே போதும் என்று சொல்லிவிட்டான். சில நாளில் கிருஷ்ணன்குட்டிக்கு மாற்றல் வந்தது. வாக்குக் கொடுத்தவர் போனபிறகு வாக்கும் போயிற்றா என்று ஞானசிகாமணிக்குத் தெரியவில்லை. புதிய இன்ஸ்பெக்டரிடம் கேட்கப் போனார். வாசலிலேயே பிடித்துத் தள்ளினார்கள். மறுபடியும் போனார். லத்தியால் கால் எலும்பில் ஒன்று வைத்தார்கள். எத்தனை ஊசி ஆனது? பாதியில் நின்றிருந்தால் தங்கை புருஷனை அடிக்கக் கொடுத்ததும் வீண், அவன் சாவதும் நிச்சயம். கன்றுக்குட்டிக்கு மருந்து கலக்கும்போதும், சோற்றில் கை வைக்கும்போதும் இதே நினைப்பு அவரைப் பிடுங்கித் தின்றது.

ராஜதாஸ் அடைபட்டிருந்த லாக்கப்புக்கு மோகனன் காவல் நிற்கும்போதுதான் அந்த நோய் அவனுக்கு வந்தது. ஒரு மத்தியானம் தண்ணீர் குடிக்கத் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனான். தொண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டது. தம்ளரைச் சுவரில் எறிந்தான். யாரோ விசிறியால் வீசினார்கள். காற்று பட்டதும் அலறி, வீசியவன்மேலேயே பாய்ந்தான். நாலு பேர் சேர்ந்து அவனைக் கட்டிலோடு கட்டினார்கள். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டான், கொண்டுவந்தால் கத்தினான், வாயிலிருந்து நுரை வழிய வழியத் தன் உதட்டைத் தானே கடித்துக் கிழித்தான். சாகிறவரைக்கும் அவனுக்கு நினைவு தப்பவில்லை. அதுதான் இந்த நோயின் அக்கிரமம். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று ராஜதாஸ் எல்லாவற்றையும் பார்த்தான். இதைப் பழைய இன்ஸ்பெக்டரே பாறசாலைக்கு வந்து, மாட்டுக் கொட்டிலில் நின்றபடி ஞானசிகாமணியிடம் சொன்னார். ராஜதாஸுக்கு ஊசி முடிந்ததா என்று கேட்டதற்கு மட்டும் அவருக்கும் பதில் தெரியவில்லை.

ராஜதாஸை ஜாமீனில் விட்டார்கள். அன்று சாயங்காலம் ஆலுங்கோட்டுச் சந்தை மைதானத்தில் கூட்டம். ஞானசிகாமணி அங்கே போயிருக்கக் கூடாது. சூளையைக் காட்டிக்கொடுத்தது யார் என்று ஊர் அலைந்துகொண்டிருந்த நேரம் அது. அவர் வீட்டு ஓட்டில் ஏற்கெனவே கல் விழுந்திருந்தது. ஆனாலும் தலையில் துவர்த்தைப் போட்டுக்கொண்டு கூட்டத்தின் பின்னால் போய் நின்றார்.

ராஜதாஸ் நொண்டிக்கொண்டு வந்து சிப்பாயின் கல்லுக்கு மாலை போட்டான். மேடை ஏறினான். வாயில்லாத ஜீவனின் தாடையை ஒடித்த போலீஸ் என்று தொடங்கினான். மோகனன் செத்ததைக் கண்ணால் பார்த்தவன் வாயிலிருந்து அது தடங்கலில்லாமல் வந்தது. பொய் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் கல் நட்டாகிவிட்டது, ஊர் நம்பியாகிவிட்டது, இனி அவன் உண்மையைச் சொன்னால் அடிபட்டவர்கள் எல்லோரும் ஒரு பேய் நாய்க்காக அடிபட்டவர்கள் ஆகிவிடுவார்கள். பிறகு சட்டையைத் தூக்கிக் காட்டினான். தொப்புளைச் சுற்றிக் கன்றிக் கறுத்த தடிப்புகள் இருந்தன. போலீஸ் ஆணியால் குத்திய வடு என்றான். மைதானம் பொங்கியது. பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு அழுதார்கள்.

ஞானசிகாமணிக்குக் கோபம் வரவில்லை. அவர் எண்ணிக்கொண்டிருந்தார். தூரத்திலிருந்து எட்டு தெரிந்தது. நெரிசலில் புகுந்து முன்னால் போனார், பதினொன்று தெரிந்தது. இடுப்பு வேட்டிக்குப் பக்கத்தில் இரண்டு வடு ஒன்றோடொன்று சேர்ந்துகொண்டு கணக்கைக் குழப்பியது. துவர்த்து தோளில் விழுந்ததுகூடத் தெரியாமல் மேடையை ஒட்டிப் போய், அவன் வயிற்றுக்கு நேராகக் குனிந்து, விரலை நீட்டி முதலிலிருந்து எண்ணினார்.

ராஜதாஸ் அவரைப் பார்த்தான். கோஷம் வானத்தைப் பிளந்துகொண்டிருந்தது. அவன் குனிந்து, உதட்டை அசைக்காமல் சொன்னான்.

“பதினாலும் போட்டாச்சு மச்சான்.”

அதற்குள் சுயம்பு அவரை அடையாளம் கண்டு சட்டைக் காலரைப் பிடித்துவிட்டான். கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு குரல், காட்டிக்கொடுத்தது யார் என்று இப்போதே சொல்ல வேண்டும் என்றது. இன்னொரு குரல், சூளைக்குச் சோறு கொண்டுபோனது ரத்னபாய் ஒருத்திதானே, அவளைக் கேளுங்கள் என்றது. தலைகள் எல்லாம் பெண்கள் பக்கம் திரும்பின. ரத்னபாயைச் சுற்றி நின்றவர்கள் விலகினார்கள். அவள் தனியாக நின்றாள். அவள் வாய் திறந்தது.

“அவ இல்ல,” என்றான் ராஜதாஸ் உரக்க. மச்சினன் முகத்தை ஒருதரம் பார்த்தான். “இவராக்கும்.”

“ஆமா, நான்தான்,” என்றார் ஞானசிகாமணி. அவர் குரலில் அப்படி ஒரு நிம்மதியை அந்த ஊர் அதற்கு முன் கேட்டதில்லை. “சோறு கொண்டுபோனவளுக்குத் தெரியாம பொறத்தால போயிக் கண்டுபிடிச்சேன்.”

கமுகங்கம்பு முதலில் விழுந்தது. பிறகு கற்கள், பிறகு கால்கள். வலது கை முட்டியில் முறிகிற சத்தம் அவருக்கே கேட்டது. மண்ணில் உருண்டபோது பெண்கள் கூட்டத்தில் தங்கையின் அழுகை கேட்டது. அவளை ஒருவரும் தொடவில்லை என்பது அவருக்குத் தெரிந்தது. ஒருவன் அவரை மல்லாக்கப் புரட்டினான். அப்போது மேடையிலிருந்து ராஜதாஸின் குரல், மற்றச் சத்தத்தையெல்லாம் மீறி வந்தது.

“எலே, வயித்துல மட்டும் சவுட்டாதுங்கலே.”

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவன் சொன்னபடியே வயிற்றை விட்டுவிட்டு மற்ற இடங்களில் மிதித்தார்கள்.